அந்தக் குழாயை அடைத்துவிடாதீர்கள்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் என்றொரு பாதை இருக்கிறது. தூரம் சுமார் 35 கிலோமீட்டர்தான், ஆனால் வழியெங்கும் பாறை. ஆட்டோமேட்டிக் கியர் வைத்த பழைய ஜீப் செரோக்கி அதில் ஏறும்போது, அடியில் போகும் விரல் பருமன் இரும்புக் குழாயைப் பாறை கிழித்துவிட்டால் தரையில் சிவப்பாக எண்ணெய் தேங்கும். அது, அந்தக் குழாய் வழியாக கியர்பாக்ஸிலிருந்து வெளியே போய்வரும் எண்ணெய்.

முதல் வேலை, இன்ஜினை அணைப்பது. நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கிப் பார்க்கலாம் என்றால் வம்பு. எண்ணெய் பம்ப் இன்ஜினோடு சேர்ந்தே சுற்றுகிறது. நியூட்ரலில் இருந்தாலும் நிமிடத்துக்குச் சில லிட்டர் எண்ணெயை அந்தக் குழாய் வழியாகத் தள்ளும். கியர்பாக்ஸின் மொத்தக் கொள்ளளவே 8 லிட்டர் சுமார். மட்டம் இறங்கியதும், இளநீர் தீரும்போது ஸ்ட்ரா கொறகொறப்பதுபோல பம்ப் காற்றை இழுக்கும். அழுத்தம் விழும், கிளட்ச் தகடுகள் வழுக்கிக் கருகும். சிந்திய எண்ணெய் சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

சரி, கியர்பாக்ஸ் எண்ணெய் எதற்காக வெளியே போய்வர வேண்டும்? காரணம் டார்க் கன்வர்ட்டர், அதாவது இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகவே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உறுப்பு. இன்ஜின் பக்கத்துத் தகடுகள் எண்ணெயை வீசியடிக்க, அந்த வேகத்தில் எதிர்ப்பக்கத் தகடுகள் சுற்றுகின்றன. நல்ல சாலையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும். பாறையில் சக்கரம் அசையாமல் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், இன்ஜின் தரும் சக்தி முழுவதும் எண்ணெயைக் கடைவதிலேயே வெப்பமாகிவிடும். தோராயமாகக் கணக்குப் போடுவோம்: 30 கிலோவாட் சக்தி 8 லிட்டர் எண்ணெயில் இறங்கினால், வெப்பநிலை நொடிக்கு சுமார் 2 டிகிரி ஏறும். வழக்கமாக 80, 90 டிகிரியில் இருக்க வேண்டிய எண்ணெய் அரை நிமிடத்தில் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. அதனால்தான் ஒரு குழாய் எண்ணெயை ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலருக்குக் கொண்டுபோகிறது, இன்னொன்று திருப்பிக் கொண்டுவருகிறது.

பலர் கோட்டைவிடுவது அந்தத் திரும்பும் குழாயில்தான். நிறைய கியர்பாக்ஸ்களில் கூலரிலிருந்து திரும்பும் எண்ணெய் நேராக எண்ணெய்த் தொட்டிக்குப் போவதில்லை. உள்ளே சுற்றும் பற்சக்கரங்களுக்கும் புஷ்களுக்கும் (தண்டுகளைத் தாங்கும் வளையங்கள்) உயவாகப் போகிறது. ‘கூலர் இல்லாமல் மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன்’ என்று இரண்டு முனைகளையும் அடைத்தால், சூடு ஏறும் முன்பே பற்சக்கரங்கள் காய்ந்துபோகும். கூலரையே கைவிட வேண்டிய நிலை என்றால், போகும் முனையையும் வரும் முனையையும் ஒரு ஹோஸால் இணைத்துவிட்டு, அடிக்கடி நிறுத்தி ஆறவிட்டு ஓட்டலாம். எண்ணெய் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குழாய் கிழியாமல் நசுங்கினாலும் அலட்சியம் கூடாது. மெல்லிய குழாய்களில் திரவம் எப்படி ஓடுகிறது என்பதை 1840ஆம் ஆண்டுவாக்கில் ஆராய்ந்தவர் பிரெஞ்சு மருத்துவர் புவாசோய். அவர் மனதில் இருந்தது ரத்த ஓட்டம். சீராக ஓடும் திரவத்துக்கு அவர் கண்ட விதிப்படி, விட்டம் பாதியானால் அந்த நீளத்தில் எதிர்ப்பு 16 மடங்காகும். பள்ளம் சிறியதாக இருந்தால் தப்பிக்கலாம். ஒரு ஜாண் நீளத்துக்குத் தட்டையாகியிருந்தால் அந்தத் துண்டை வெட்டியெறிவதே மேல்.

வெட்டுவதற்கு ஹாக்ஸா வேண்டாம். அதன் இரும்புத்தூள் உள்ளே போனால் வால்வுகளைச் சிக்க வைக்கும். சிறு சக்கரம் வைத்த குழாய்வெட்டி தூள் உதிர்க்காது. ஆனால் விளிம்பை உட்பக்கமாக மடக்கிவிடும், அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அப்புறம் முனையைக் கொஞ்சம் புடைக்க வைத்து ஒரு வரம்பு உண்டாக்க வேண்டும். வழவழப்பான குழாயில் ஹோஸை ஏற்றி கிளாம்ப் போட்டால், எண்ணெய் சூடானதும் ஹோஸ் நழுவி வந்துவிடும். ஹோஸும் கியர்பாக்ஸ் எண்ணெய்க்கென்றே செய்ததாக இருக்கட்டும். ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸ் எண்ணெயில் ஊறி உப்பிவிடும்.

இது வீடு சேரும் வரைக்கும். நிரந்தர வேலைக்கு என் தேர்வு செம்பும் நிக்கலும் கலந்த குழாய்: கையாலேயே வளையும், துருப்பிடிக்காது. வெறும் செம்புக் குழாய் அதிர்வில் கடினப்பட்டு விரிசல் விடும், அது வேண்டாம். இன்ஜின் ரப்பர் தாங்கிகளில் ஆடுகிறது, ரேடியேட்டர் பாடியோடு நிற்கிறது. ஆகவே நடுவில் எங்காவது ஒரு ஹோஸ் துண்டு கட்டாயம். பழைய குழாய் போன வழியிலேயே புதியதையும் போட வேண்டியதில்லை. வண்டியின் அடிச்சட்டத்துக்கு மேலே ஏற்றிக் கட்டினால் அடுத்த பாறைக்கு எட்டாது.

கடைசியாக எண்ணெய் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டே டிப்ஸ்டிக்கில் மட்டம் பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால் தவறான மட்டம்தான் காட்டும். அந்தக் குச்சியை முகர்ந்தும் பாருங்கள். கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தகடுகள் ஏற்கெனவே அடிவாங்கிவிட்டன. கியர்பாக்ஸைத்தான் இறக்க வேண்டியிருக்கும்.