சுயேச்சை: வேட்பாளருக்குப் பொருந்தும், வாக்காளருக்குப் பொருந்துமா?

வேட்பாளர் பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே ‘சுயேச்சை’ என்று இருந்தால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. எந்தக் கட்சியும் அவரை நிறுத்தவில்லை, தாமாகவே நிற்கிறார் என்று புரிந்துகொள்கிறோம். அதே சொல்லை வாக்காளருக்கு முன்னால் வைத்து, ‘சுயேச்சை வாக்காளர்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எங்கோ இடறுகிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கட்சிக்கு வாக்களித்து, அதற்காக உறவினரோடெல்லாம் சண்டையிட்டு, பின்பு மனம் கசந்து விலகியவன் நான். விலகிய பிறகு என்னை எந்தப் பெயரால் குறிப்பது என்று தேடியபோதுதான் இந்த இடறல் எனக்கு உறைத்தது.

சுய என்றால் தன்னுடைய. இச்சை என்றால் விருப்பம். வடமொழியின் ‘ஸ்வேச்சா’ தமிழில் சுவேச்சை, சுயேச்சை என்று வடிவம் பெற்றது. தன் விருப்பம், தன் விருப்பப்படி நடத்தல் என்பதே நேர்ப்பொருள். கட்சி, தேர்தல் ஆகியவற்றின் வாடையே மூலச்சொல்லில் கிடையாது.

பலர் இதைச் ‘சுயேட்சை’ என்று எழுதுகிறார்கள். நாளிதழ்களிலும் காண்கிறோம். அது பிழை. வடமொழியின் ‘க்ஷ’ தமிழுக்கு வரும்போதுதான் ‘ட்ச’ ஆகும்: லக்ஷம் லட்சம் ஆயிற்று, பக்ஷி பட்சி ஆயிற்று. இச்சையில் ‘க்ஷ’ இல்லை. ஆகவே ‘ட்’ நுழைய வழியும் இல்லை. நுழைந்த விதத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. வேட்பாளர் என்ற சொல் நிலைபெறுவதற்கு முன் ‘அபேட்சகர்’ என்று எழுதிவந்தார்கள். அபேக்ஷை, அதாவது வேண்டுதல், எதிர்பார்ப்பு என்பதிலிருந்து வந்த சொல் அது; அங்கே ‘ட்’ முறைப்படியானது. ‘சுயேச்சை அபேட்சகர்’ என்று அடுத்தடுத்து எழுதிய கைக்கு இரண்டாம் சொல்லின் ஒலி முதற்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அபேட்சகர் வழக்கொழிந்தும் அவர் விட்டுப்போன ‘ட்’ மட்டும் தங்கிவிட்டது.

அண்டை மொழிகள் இதே ஆளை எப்படி அழைக்கின்றன என்று பார்த்தால் தமிழின் தேர்வு எவ்வளவு தனித்தது என்பது விளங்கும். இந்தியில் ‘நிர்தலீய’, வங்காளத்தில் ‘நிர்தல்’: கட்சி இல்லாதவர். மராத்தியில் ‘அபக்ஷ’. கன்னடத்தில் ‘பக்ஷேதர’: கட்சிக்குப் புறம்பானவர். தெலுங்கும் மலையாளமும் ‘ஸ்வதந்த்ர’ என்று விடுதலையைச் சொல்கின்றன. சிங்களத்தில் ‘ஸ்வாதீன’: தன்வசமுடையவர். இவர்களுள் விருப்பத்தை முன்னிறுத்துவது தமிழ்தான்.

விருப்பம் என்பதோ எப்பக்கமும் சாயக்கூடிய பொருள். அதே ‘ஸ்வேச்சா’ தெலுங்கில் விடுதலையைக் குறிக்கிறது. கன்னடத்தில் ‘ஸ்வேச்சாசார’ என்றால் கட்டுப்பாடற்ற நடத்தை. மலையாளத்தில் ‘ஸ்வேச்சாதிபதி’ சர்வாதிகாரி. விடுதலையும் அடங்காமையும் கொடுங்கோன்மையும் ஒரே வேரில் கிளைத்திருக்கின்றன. தமிழில் இந்தக் கிளைகள் அவ்வளவாகப் பெருகவில்லை. தேர்தல் களம் சொல்லை முழுதாக எடுத்துக்கொண்டது.

வேட்பாளருக்கு விருப்பம் பொருந்தும், மறுக்கவில்லை. வேட்பாளர் என்ற சொல்லே விருப்பத்தில் பிறந்ததுதான். வேட்பு என்றால் விருப்பம். பதவியை விரும்பி நிற்பவர் வேட்பாளர். பிறர் ஏவாமல் தன் விருப்பத்தால் மட்டுமே நிற்பவர் சுயேச்சை. இந்தியச் சட்டமும் அந்தத் தனிமையைக் கண்டிப்போடு காக்கிறது. 1985இல் அரசியலமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணையின்படி, சுயேச்சையாக வென்றவர் அதன்பின் ஏதேனும் கட்சியில் சேர்ந்தால் உறுப்பினர் பதவியை இழப்பார். சுயேச்சை என்று சொல்லி வாக்கு வாங்கியவர் சுயேச்சையாகவே இருந்தாக வேண்டும். 1957 மக்களவைத் தேர்தலில் 42 சுயேச்சைகள் வென்றார்கள். 2024இல் 7 பேர். சொல் வாழ்கிறது, அது குறிக்கும் ஆட்கள் அருகிவிட்டார்கள். 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டதும், வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட நேர்ந்ததும் நினைவிருக்கலாம். அங்கே திரண்ட சுயேச்சைகளில் பெரும்பாலோர் பதவியை விரும்பி நின்றவர்கள் அல்லர். உழவர்களின் குறையை நாடு திரும்பிப் பார்க்கவேண்டும் என்று நின்றவர்கள். வேட்பாளருக்கே கூட இந்தச் சொல் எப்போதும் பொருந்தி விடுவதில்லை.

வாக்காளருக்கு வருவோம். இந்திய வாக்காளர் பட்டியலில் கட்சிக்கென்று ஒரு கட்டம் இல்லை. பெயர், வயது, முகவரி உண்டு. யார் பக்கம் என்று யாரும் பதிவு செய்வதில்லை. ஆகவே இங்கே சட்டத்தின் கண்ணில் வாக்காளர் எல்லாரும் கட்சி சாராதவர்களே. ‘சுயேச்சை வாக்காளர்’ என்ற வகை அமெரிக்காவிலிருந்து வந்த கருத்து. அங்கே பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே கட்சியையும் பதிவார்கள். அவற்றுள் பலவற்றில் அதை வைத்துத்தான் அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தெரிவு செய்யும் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்க முடியும். கட்சியைக் குறிப்பிடாதவர் தனி வகை ஆகிறார். அங்கு எடுக்கப்படும் கணிப்புகளில் பல ஆண்டுகளாக நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தங்களைக் கட்சி சாராதவர் என்றே சொல்லிவருகிறார்கள். மேலும் ஒரு கேள்வி கேட்டால் அவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பக்கம் சாய்வதாக ஒப்புக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

சொல் தெளிவாக இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் அந்த நாட்டிலேயே சான்று உண்டு. ‘அமெரிக்கன் இண்டிபென்டன்ட் பார்ட்டி’ என்று 1967இல் கலிபோர்னியாவில் ஒரு கட்சி தொடங்கப்பட்டது. நிறவெறிப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸை 1968இல் அதிபர் வேட்பாளராக நிறுத்திய கட்சி அது. கட்சியே வேண்டாம் என்று எண்ணிய பல்லாயிரம் பேர், பதிவுப் படிவத்தில் ‘இண்டிபென்டன்ட்’ என்ற சொல்லைக் கண்டதும் அதைக் குறித்துவிட்டார்கள். 2016இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் விசாரித்தபோது, அதில் பதிந்திருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் ஒரு கட்சியில் இருப்பதே தெரியவில்லை. கட்சியை வெறுத்து ஒதுங்கியவரை ஒரு சொல் மீண்டும் கட்சிக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறது. பெயர் முக்கியமா என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கட்சி என்ற சொல்லையும் திறந்து பார்க்க வேண்டும். நாம் இன்று வழங்கும் கட்சி, வடமொழியின் ‘கக்ஷி’. பக்கம் என்று பொருள். (இங்கே ‘ட்’ முறையானது என்பதைக் கவனியுங்கள்.) வழக்கின் இரு பக்கங்களில் ஒன்றைக் குறித்த சொல் அரசியலுக்கும் பெயர்ந்தது. அதனால்தான் வழக்கறிஞரிடம் வழக்கை ஒப்படைத்தவரை இன்றும் ‘கட்சிக்காரர்’ என்கிறோம். நீதிமன்றத்தில் கட்சிக்காரர்தான் எசமானர். வாதாடுபவர் சரியில்லை என்றால் வக்காலத்தைத் திரும்பப் பெற்று வேறொருவரிடம் கொடுக்கலாம். யாரும் அவரைத் துரோகி என்று ஏசுவதில்லை. அரசியலில் அதே சொல் தலைகீழாகிவிட்டது. இங்கே கட்சிக்காரர் என்றால் கட்சிக்கு உரியவர், விலகினால் துரோகி. நான் விலகியபோது நண்பர்கள் எனக்குச் சொன்ன சொல்லும் அதுதான். எனக்காக வாதாடும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்தேன், அவர் வாதாடவில்லை, எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது என்று அன்றைக்கு எனக்கு விளக்கத் தெரியவில்லை.

தமிழுக்குச் சொந்தமாக இன்னொரு கட்சி உண்டு. அது வேறு சொல். விலங்கும் பறவையும் போய்ச் சேரும் இடம், புகலிடம் என்று பொருள். புறநானூற்றின் 157ஆம் பாட்டில் குறமகள் இளவெயினி ‘கட்சி காணாக் கடமான் நல்லேறு’ என்கிறார். அந்திப்பொழுதில் கூட்டத்தைப் பிரிந்து, தன் சேக்கையைக் காணாமல் நிற்கும் ஆண்மான். அது தன் பிணையைக் கூவி அழைக்கிறது. அந்தக் குரலை மலைக்குகையிலிருந்து புலி உற்றுக் கேட்கிறது. இரண்டு கட்சிகளும் ஒலியால் ஒன்றானது தற்செயலே. ஆனாலும் கட்சியை விட்டு வந்த முதல் ஆண்டில் எனக்கிருந்த நிலையை இதைவிடச் சரியாக எந்தக் கட்டுரையும் சொன்னதில்லை. கூட்டத்தை விட்ட மானின் குரலுக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும் இன்னொரு கட்சி எப்போதும் உண்டு.

விலகக் காரணமான அந்த மனநிலைக்கும் தமிழில் ஒரு நல்ல பெயர் தேவைப்படுகிறது. ஏமாற்றம், கசப்பு, விரக்தி என்று எழுதுகிறோம். ஏமாற்றம் பிறர் செய்தது. கசப்பு அதன் சுவை. விரக்தி அதன் முடிவு. உள்ளே நிகழ்ந்ததை இவை எவையும் சொல்வதில்லை. நிகழ்ந்தது மயக்கம் தெளிதல். தெளிவு என்ற சொல் இங்கே ஆழமானது. பழந்தமிழில் தெளிதல் என்றால் நம்புதல். ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்கிறது குறள் (510): ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவனிடம் ஐயம் கொள்வதும் தீராத துன்பம் தரும். இன்று அதே தெளிதல் மயக்கம் நீங்குவதையும் குறிக்கிறது. நம்பிக்கை வைத்ததும் தெளிவு, அது கலைந்ததும் தெளிவு. இரண்டுக்கும் நடுவே ‘தேர்தல்’ நின்றிருக்க வேண்டும். தேர்தல் என்றால் ஆராய்தல். வாக்குச்சாவடிக்குப் போவதற்கு நாம் வைத்திருக்கும் பெயரே அதுதான். கண்ணகி பாண்டியனைத் ‘தேரா மன்னா’ என்றுதான் அழைக்கிறாள். ஆராயாத மன்னனே என்று. இருபது ஆண்டுகள் நான் வாக்களித்தேன். அவற்றுள் எத்தனை முறை தேர்ந்தேன் என்று எண்ணிப் பார்த்தால் தலை குனிகிறது.

இப்போது சொல்லாக்கத்துக்கு வரலாம். சுயேச்சைக்கு நேர்த்தமிழ் என்று ‘தன்னிச்சை’யைச் சிலர் சொல்கிறார்கள். இச்சை அப்படியே இருக்கிறது; போதாக்குறைக்கு, தன்னிச்சையாக என்றால் இன்று யாரையும் கேளாமல், மனம்போனபடி என்றே பொருள்படுகிறது. ‘தன்விருப்பர்’ அதே குழியில் விழுகிறது. கட்சியை விட்டு விலகியது என் இச்சையால் அன்று. விருப்பத்தைக் கேட்டிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன், என் நண்பர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ‘தற்சார்பு’ பொருளாதாரத்துக்குப் போய்விட்டது. ‘சார்பிலி’ சுருக்கமானது, ஆனால் அறிவிலி, நாணிலி, ஏதிலி என்று பெரும்பாலும் குறையைச் சொல்லும் ஈற்றை எனக்கு நானே சூட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

செய்தியாளர்கள் மிகுதியும் எழுதுவது ‘நடுநிலை வாக்காளர்’. கேட்க மதிப்பாக இருக்கிறது. ஆனால் அது எந்தப் பக்கமும் சேராதவர் என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது. கட்சி சாராதவர் வாக்களிக்கும் நாளில் ஒரு பக்கம் சேர்ந்துதான் ஆகவேண்டும். நடுநிலைக்குக் குறள் காட்டும் உவமையான துலாக்கோல் நிறுப்பதற்கு முன்னே சமமாக நிற்கும், நிறுத்தபின் எடையுள்ள பக்கம் சாயும். சாயாத கோல் பழுதான கோல். அந்தப் பழம்பொருளில் வழங்கினால் நடுநிலை எனக்கு உடன்பாடே. இன்றைய பொருளில் அது நோட்டாவின் பக்கத்து வீடு. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டா எவரையும் ஏற்காததற்கான பொத்தான்; கட்சி சாராமை அதுவன்று.

‘மதில்மேல் பூனை’ என்ற ஏளனத்தையும் கடந்து வரவேண்டியிருக்கிறது. இதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய இணை உண்டு. 1884 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி ஜேம்ஸ் பிளெய்னை நிறுத்தியது. அவருடைய நேர்மையை ஐயுற்ற அக்கட்சியினர் பலர் எதிர்க்கட்சியின் குரோவர் கிளீவ்லாண்டை ஆதரித்தார்கள். கட்சி விசுவாசிகள் அவர்களுக்கு ‘மக்வம்ப்’ என்று பட்டம் கட்டினார்கள். வேலியின் ஒருபுறம் முகமும் மறுபுறம் பின்புறமுமாக உட்கார்ந்திருப்பவன் என்று பின்னாளில் அதற்கு விளக்கமும் சொன்னார்கள். உண்மையில் அது மாசச்சூசெட் பழங்குடி மொழியில் தலைவன் என்று பொருள்படும் சொல். பிளெய்ன் நியூயார்க் மாநிலத்தை ஏறத்தாழ ஆயிரம் வாக்குகளில் இழந்து, அதனாலேயே தேர்தலிலும் தோற்றார். பூனை மதில்மேல் இருந்தது எந்தப் பக்கம் குதிக்கலாம் என்ற குழப்பத்தால் அன்று. இரண்டு பக்கமும் தெரிவது அங்கிருந்துதான்.

‘மிதக்கும் வாக்கு’ என்பதை ஒரே வரியில் தள்ளிவிடலாம்: மிதப்பது நீரின் போக்கில் போகும், அதற்குத் தேர்வு கிடையாது.

எஞ்சுவது ‘கட்சி சாரா வாக்காளர்’. என் வாக்கு இதற்கே. சார் என்பது பழைய வினை. சாய்தல், ஒட்டுதல், பற்றி நிற்றல் எல்லாம் அதில் அடங்கும். ‘சாரா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இளவெயினியின் ‘காணா’, கண்ணகியின் ‘தேரா’ போன்ற அமைப்பு. இந்த அமைப்பு காலம் காட்டாது. நேற்றும் சாராதவர், இன்று சாராதவர், இனியும் சாராதவர் என மூன்றையும் ஒருங்கே குறிக்கும். அது வசதியும் ஆகும், குறையும் ஆகும். எக்கட்சியிலும் இருந்தறியாதவரும் என்னைப்போல் இருந்து விலகியவரும் ஒரே சொல்லில் கலந்துவிடுகிறோம். வேறுபடுத்தவேண்டிய இடத்தில் ‘கட்சி நீங்கிய வாக்காளர்’ என்று எழுதலாம். ‘துறந்த’ என்று எழுதவேண்டாம்; அரசியலையே விட்டுப் போய்விட்டது போன்ற பொருளைத் தரும்.

எழுதும்போது ‘கட்சி சாரா வாக்காளர்’ என்று இடைவெளி விட்டு எழுதுவது படிக்க எளிது. தனித்து வரும்போது ‘கட்சி சாராதவர்’, பன்மையில் ‘கட்சி சாராதோர்’. ‘கட்சி சார்பற்ற’ என்பதும் பிழையன்று, ஆனால் அது மனிதரைவிட அமைப்புகளுக்கும் அறிக்கைகளுக்கும் பொருந்துகிறது. சுயேச்சை வேட்பாளருக்கே இருக்கட்டும், ‘ட்’ இல்லாமல்.