நேற்றே சமைத்த தஜீன், இன்றே அவிக்கும் கூஸ்கூஸ்

மொரோக்கோ விருந்து ஒன்றின் முதல் வேலை, விருந்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே எலுமிச்சைக்கு உப்பிடுவதில் தொடங்குகிறது. பழத்தை அடி பிரியாமல் நான்காகப் பிளந்து, பிளவுகளில் உப்பைத் திணித்து, சாறு மேலெழுந்து மூடும்வரை ஜாடியில் அழுத்தி வைக்கிறார்கள். உப்பு, தோலின் செல்களிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. அந்த உப்புநீரும் பழத்தின் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து, கெடுக்கும் நுண்ணுயிர்களை வளரவிடுவதில்லை. சில வாரங்களில் தோல் மென்மையாகிக் கசப்பும் அடங்குகிறது. நம் வீட்டு உப்பு எலுமிச்சைக்கும் அடிப்படை இதுதான் என்றாலும், அங்கே வெயிலில் காய வைப்பதில்லை. சதையைவிடத் தோலுக்கே மதிப்பும் அதிகம்.

முந்தைய நாளே சமைத்துவிட வேண்டியது தஜீன். கூம்பு மூடி கொண்ட மண்சட்டிக்கும் அதில் வேகும் குழம்புக்கும் இதுவே பெயர். ஆட்டின் தோள்பட்டை, கால் போன்ற அதிகம் உழைத்த தசைகளே இதற்கு ஏற்றவை, ஏனெனில் அவற்றில் கொலாஜன் என்னும் இணைப்புப் புரதம் மிகுதி. சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தசைநார்கள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்துவிடுவதால், பாதி வெந்த கறி ரப்பர்போல இருக்கிறது. 70 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் பொறுத்திருந்தால், கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறி, உலர்ந்த நார்களுக்கிடையே வழுவழுப்பைச் சேர்க்கிறது. மராக்கேஷ் நகரில் தங்கியா என்னும் கறியை நெடிய குடுவையில் நிரப்பி, பொதுக் குளியலறையின் உலைச் சாம்பலில் மணிக்கணக்கில் புதைத்து வைப்பதும் இதே பொறுமைதான்.

ஆறும்போது வேறொரு மாற்றம் நடக்கிறது. ஜெலட்டின் குளிர்ந்து உறையும்போது சாற்றைத் தன் வலைக்குள் பிடித்துக்கொள்கிறது. மேலே கட்டியாகும் கொழுப்பை எளிதாக வழித்தெடுக்கலாம். சீரகம், மஞ்சள், சுக்கு ஆகியவற்றின் மணப்பொருள்களில் பல கொழுப்பில் கரைபவை என்பதால், இரவு முழுவதும் அவை குழம்பில் சீராகப் பரவ நேரம் கிடைக்கிறது. மறுநாள் சூடாக்கிய இறைச்சியில் ஒருவிதப் பழைய வாடை எழுவதும் உண்டு. தசையிலுள்ள இரும்பு, கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுவதே அதற்குக் காரணம். கறி குழம்பில் மூழ்கியிருந்தால் காற்று எளிதில் தீண்டாது. மசாலாப் பொருள்களின் பீனால் சேர்மங்களும் அந்த வினையைத் தாமதப்படுத்துகின்றன. வெறும் வறுவலை விட மசாலாக் குழம்பு மறுநாளைத் தாங்குவது இதனால்தான்.

ஆறவைப்பதில் மட்டும் அலட்சியம் கூடாது. கொதியிலும் பிழைக்கும் வித்துகளை (கடின உறைக்குள் உறங்கும் செல்களை) உடைய, உணவை நஞ்சாக்கும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் பாக்டீரியா, மெல்ல ஆறும் பெரிய பாத்திரங்களில் வேகமாகப் பெருகுகிறது. அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிகள் 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், தொடங்கியதிலிருந்து 6 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் குளிர்வித்துவிடச் சொல்கின்றன. ஆழம் இரு மடங்கானால், தடித்த குழம்பு ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே தடித்த மண்சட்டியிலேயே விடாமல், அகன்ற தட்டுகளில் பரப்பிய பிறகே குளிர்சாதனப்பெட்டியில் வைப்பது நல்லது.

கேரட் சாலட்டை விருந்தன்று காலையில் செய்தால் போதும். வேக வைக்கும்போது செல்சவ்வுகள் சிதைவதால், சூடு ஆறுமுன் ஊற்றும் எலுமிச்சைச் சாறும் உப்பும் சீரகமும் உள்ளே இறங்குகின்றன. கொத்தமல்லித் தழையைப் பரிமாறும்போதுதான் தூவ வேண்டும், ஏனெனில் அமிலம் பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை நீக்கி அதைப் பழுப்பாக்கிவிடும்.

இந்த விருந்தில் காத்திருப்பைச் சற்றும் பொறுக்காதது, கோதுமை ரவையைச் சிறு மணிகளாக உருட்டி ஆவியில் அவிக்கும் கூஸ்கூஸ். வெந்த ரவையின் மாவுச்சத்து, ஆறியதும் மீண்டும் படிகங்களாக அடுக்கிக்கொண்டு கெட்டிப்படுகிறது. குளிர்சாதனப்பெட்டியின் குளிரில் இது மேலும் விரைவாக நடப்பதால்தான் அங்கே வைத்த சோறும் விறைத்துப்போகிறது. மொரோக்கோவில் ரவையை ஒரே தடவையில் அவித்து முடிப்பதில்லை. ஒவ்வொரு அவியலுக்கும் இடையே நீர் தெளித்து, எண்ணெய் தடவி, கட்டிகளை விரலால் உதிர்த்து, இரண்டு மூன்று முறை அவிக்கிறார்கள். முதல் அவியலை முன்கூட்டியே முடித்து உதிர்த்து வைத்துக்கொள்ளலாம். கடைசி அவியலை, நேற்றைய தஜீன் மறுபடி சூடாகும் நேரத்தில், விருந்தினர் வந்தமர்ந்த பிறகே தொடங்க வேண்டும்.