மலைத் தண்ணீரில் ஓடு மாற்றும் இறால்

வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் சின்னஞ்சிறு நன்னீர் இறாலான செர்ரி இறாலை வாங்கி விட்டவர்கள் முதல் சில வாரங்களுக்குள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி புகைப்படம் அனுப்பிக் கேட்டார்: "அண்ணே, ஒண்ணு செத்துக் கிடக்குது. தண்ணிய மாத்திடட்டுமா?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீசை, கால்கள், கண்ணின் மேல்மூடி வரை எல்லாம் அப்படியே இருக்கிறது. உள்ளே மட்டும் ஒன்றுமில்லை. தலைக்கவசமும் வயிற்றுப் பகுதியும் சேரும் இடத்தில், முதுகுப் பக்கம், குறுக்காக ஒரு பிளவு. "சாகலை தம்பி, ஓடு மாத்தியிருக்கு. இப்ப தண்ணிய தொடவே தொடாதீங்க. அந்த ஓட்டையும் எடுக்காதீங்க, அதுவே தின்னுக்கும்" என்றேன். செத்த இறாலின் உடல் மங்கி வெளுக்கும், பிறகு இளஞ்சிவப்பாகும். கழற்றிய ஓடு கடைசிவரை ஒளி ஊடுருவும்படியே கிடக்கும். பிரித்தறிய இது போதும்.

வீட்டுத் தொட்டியில் நன்னீர் இறாலுக்கு நேரும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஓடு மாற்றத்தைச் சுற்றியே இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று புரிந்துவிட்டால், தண்ணீர் பற்றிச் சொல்லப்படும் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இறாலுக்கு உள்ளே எலும்பு கிடையாது. கைட்டின் என்ற நார்ப்பொருளில் கால்சியம் கார்பனேட் படிந்து இறுகிய ஓடுதான் அதன் எலும்புக்கூடு. தசைகள் அந்த ஓட்டின் உட்புறத்தில்தான் பிடித்திருக்கின்றன. ஓடு வளராது, உடல் வளரும். ஆகவே பழைய ஓட்டுக்கு அடியில் மெல்லிய புது ஓடு ஒன்று முன்கூட்டியே உருவாகிறது. பழைய ஓட்டிலிருக்கும் கால்சியத்தில் ஒரு பங்கை இறால் கரைத்து ரத்தத்துக்கு இழுத்துக்கொள்கிறது. அந்த நாட்களில் தீனியை அவ்வளவாகத் தேடாது, ஒதுங்கியே இருக்கும். நேரம் வந்ததும் தண்ணீரை உள்வாங்கி உடல் புடைக்க, முதுகுப் பிளவு திறக்கிறது. வில்லாக வளைந்து, சட்டென்று ஒரு துள்ளு. சில விநாடிகளில் வெளியே வந்துவிடும். கவனித்துக்கொண்டிருந்தால்கூடத் தவறவிட்டுவிடுவோம்.

வெளியே வந்த இறால் மிருதுவாக இருக்கும். அந்த நிலையில் மேலும் தண்ணீரை உறிஞ்சிப் புது ஓட்டை விரித்துக்கொள்கிறது. அடுத்த வளர்ச்சிக்கு இடம் கிடைப்பது இப்படித்தான். பிறகு ஓடு இறுக வேண்டும். அதற்கான கால்சியத்தில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகச் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நம் மலைத் தண்ணீரின் பிரச்சினை தொடங்குவது இந்த இடத்தில்.

நீலகிரி, பழனி மலை இரண்டுமே பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற மிகப் பழைய, மிகக் கடினமான பாறையால் ஆனவை. அது தண்ணீரில் எளிதில் கரையாது. சுண்ணாம்புக்கல்லைத் தேடினால் கீழே மதுக்கரைக்குத்தான் போக வேண்டும். மழையாக விழும் தண்ணீர் பாறை இடுக்கில் ஊறி ஊற்றாக வரும்போதும் ஏறக்குறைய மழைநீராகவே இருக்கிறது. குன்னூரில் கெய்சர் கம்பியில் வெள்ளைப் படிவு படிந்து பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் போர் தண்ணீர் பிடிக்கும் வீட்டில் கெட்டிலைத் திறந்தாலே தெரியும். எங்கள் வீட்டு ஊற்றுத் தண்ணீரில், கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை நனைத்தால் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. செர்ரி இறாலுக்கு 150 முதல் 250 வரை இருந்தால் நல்லது. தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவைக் காட்டும் பொதுக் கடினத்தன்மை, அதாவது ஜி.எச்., 6 முதல் 8 டிகிரி வேண்டும்.

சத்தில்லாத தண்ணீரில் என்ன நடக்கும்? புது ஓடு நாட்கணக்கில் இறுகாமல் இருக்கும். தசைக்குப் பிடிமானம் இல்லாததால் இறால் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். அல்லது முதுகில் மட்டும் பிளக்க வேண்டிய ஓடு உடலைச் சுற்றி வெள்ளை வளையமாக விட்டுப்போய், தலைக்கவசத்திலிருந்து உருவிக்கொள்ள முடியாமல் சிக்கிச் செத்துப்போகும். அந்த வளையம் தெரிந்த பிறகு இறாலைக் காப்பாற்றுவது அபூர்வம். சத்துக்குறைவைப் போலவே திடீர் மாற்றமும் இதற்குக் காரணம். ஒரே நாளில் பாதித் தண்ணீரைக் கொட்டி மாற்றினால், நீரின் உப்புச் செறிவு சட்டென்று மாறி, புது ஓடு தயாராகும் முன்பே சில இறால்கள் பழையதைக் கழற்றத் தொடங்கிவிடும். அதனால்தான் அந்தத் தம்பியைத் தண்ணீர் மாற்ற வேண்டாம் என்று தடுத்தேன். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். அதையும் முந்தின நாளே பிடித்து வைத்து, தொட்டி இருக்கும் அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு, மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஜனவரிக் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றுவது கொடுமை.

சுண்ணாம்புச் சத்துக்கு எளிய வழி, நன்றாகக் கழுவி உலர்த்திய முட்டை ஓடு, கணவாய் ஓடு, அல்லது பவளத் துண்டுகளை ஃபில்டர் பக்கம் போட்டுவைப்பது. இவை எல்லாம் கால்சியம் கார்பனேட். தண்ணீர் அமிலமாக இருக்கும்வரை வேகமாகக் கரையும், நடுநிலைக்கு வர வர வேகம் குறையும். கூடவே தண்ணீரிலுள்ள கார்பனேட்டின் அளவும் ஏறுவதால் பி.எச்., அதாவது அமில-கார அளவு, தடுமாறாமல் நிற்கும். ஆனால் இதில் மக்னீசியம் போதாது. இறாலுக்கென்றே விற்கும் தாது உப்பை, மாற்றப்போகும் தண்ணீரில் மீட்டர் வைத்துக் கரைப்பதையே நான் சிபாரிசு செய்வேன். அளந்து போடலாம் என்பதுதான் அதன் பெரிய நன்மை.

சமவெளி நண்பர்கள் பொறாமைப்படும் விஷயமும் இதே தண்ணீரில் இருக்கிறது. சிவப்பும் வெள்ளையும் பட்டையடித்த கிரிஸ்டல் ரெட் இறால், தென்சீன ஓடைகளைச் சேர்ந்த, காரிடினா என்ற பேரினத்து இறாலிலிருந்து வந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஹிசயாசு சுசுகி என்ற ஜப்பானியர், தன் தொட்டியில் கறுப்புக் குஞ்சுகளுக்கு நடுவே தோன்றிய சிவப்பு இறாலைப் பிரித்தெடுத்துப் பெருக்கினார். இந்த வகைக்கு 20 முதல் 24 டிகிரி வெப்பம், 6-ஐ ஒட்டிய பி.எச்., கார்பனேட் ஏறக்குறைய இல்லாத மென்னீர் வேண்டும். சென்னையில் இதற்கு ஆர்.ஓ. இயந்திரமும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் வாங்கி, மின்கட்டணமும் கட்ட வேண்டும். குன்னூரிலோ கொடைக்கானலிலோ ஊற்றுத் தண்ணீரில் கார்பனேட் இல்லாத தாது உப்பைக் கொஞ்சம் கரைத்தால் வேலை முடிந்தது. முட்டை ஓடு மட்டும் இந்தத் தொட்டிக்கு ஆகாது.

தொட்டியைப் பழக்குவதற்கு மலையில் பொறுமை அதிகம் வேண்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியேற வேண்டும். குளிரிலும் அமிலத் தண்ணீரிலும் அவை மெதுவாகவே பெருகும். இங்கே இரண்டும் இருக்கிறது. சமவெளியில் ஒரு மாதத்தில் தயாராகும் தொட்டிக்கு இங்கே இரண்டு மாதம் கொடுத்துவிடுங்கள். அந்தக் காத்திருப்பு வீணாகாது. அதற்குள் கண்ணாடியிலும் மரத்துண்டிலும் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம் படர்ந்திருக்கும். இறால் குஞ்சுகளின் முதல் உணவு அதுதான்.

குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் என்று படித்துவிட்டு ஏர் பம்ப்பை நிறுத்திவைப்பவர்கள் உண்டு. மலையுச்சிக்கு அந்தக் கணக்கு வேறு. கடல்மட்டத்தில் 18 டிகிரி நீரில் லிட்டருக்கு 9.5 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் கரையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். எனவே அதே 18 டிகிரியில் அங்கே கரைவது சுமார் 7.2 மில்லிகிராம்தான். மெரினாக் கரையில் வைத்த 30 டிகிரி நன்னீரில் கரைவதும் ஏறக்குறைய இவ்வளவே. குளிரில் இறாலின் தேவையும் குறைவதால் ஆபத்தில்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் போகும் ஊரில், பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கத்தான் வேண்டும்.

இனப்பெருக்கத்துக்கு வருவோம். அதுவும் ஓடு மாற்றத்தில்தான் தொடங்குகிறது. வளர்ந்த பெண் செர்ரி இறாலின் தலைக்குப் பின்னால், முதுகில் சேணம் வைத்ததுபோல் ஒரு மஞ்சள் அல்லது பச்சைத் திட்டு தெரியும். அது முட்டைகள் முதிரும் சினைப்பை. முதிர்ந்ததும் பெண் இறால் ஓடு மாற்றுகிறது. மாற்றிய கையோடு தண்ணீரில் ஒரு வேதிச் சமிக்ஞையைக் கலக்கிறது. அதுவரை அமைதியாக மேய்ந்துகொண்டிருந்த ஆண்கள் எல்லாம் தொட்டி முழுக்கச் சுழன்று நீந்தித் தேடும். இணைவது நொடிகளில் முடிந்துவிடும். சில மணி நேரத்தில் சினைப்பையிலிருந்து முட்டைகள் இறங்கி, கருவுற்று, வயிற்றடியில் உள்ள நீச்சல் கால்களில் ஒட்டிக்கொள்கின்றன. பொதுவாக இருபதிலிருந்து நாற்பது வரை இருக்கும்.

உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தாய் இறால் ஓயாமல் அந்தக் கால்களை விசிறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முட்டையின் மேலும் புது நீர் படுவதற்காக. இடையிடையே காலை நீட்டி முட்டைகளைத் துழாவும், கெட்டுப்போனதைத் தள்ளிவிடும். கடைசி வாரத்தில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். குஞ்சின் கண்கள். 24, 25 டிகிரியில் மூன்று, நான்கு வாரத்தில் பொரியும். 20 டிகிரியில் ஐந்து வாரம் வரை ஆகலாம். 18-க்குக் கீழே பெரும்பாலும் முட்டையே போடாது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் கதகதப்பு வேண்டும் என்றால் சிறிய ஹீட்டர் ஒன்று போட வேண்டியதுதான். வளரும் வெப்பம் குஞ்சுகள் ஆணா பெண்ணா என்பதையும் பாதிக்கிறது: 20 டிகிரியை ஒட்டி வளர்ந்தால் பெண்கள் மிகுதி, 26 போனால் ஆண்கள் மிகுதி. அதனால் ஹீட்டரை 22, 23-க்கு மேல் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

செர்ரி இறாலின் குஞ்சு முட்டையிலிருந்து வரும்போதே இரண்டு மில்லிமீட்டரில் முழு இறாலாக வருகிறது. இடைப்பட்ட லார்வா பருவம் வெளியே கிடையாது. வீட்டில் இது இவ்வளவு எளிதாகப் பெருகுவதற்கு அதுவே காரணம். பாசி தின்னும் அமானோ இறாலோ வேறு வழி. ஜப்பானியத் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோவால் (1954–2015) புகழ்பெற்ற இந்த இறாலின் லார்வாக்கள் ஓடையோடு கடலை நோக்கி மிதந்து போய், உப்புநீரில் வளர்ந்து, பிறகு நன்னீருக்கு ஏறி வருபவை. நன்னீர்த் தொட்டியில் அது முட்டை சுமக்கும், லார்வாவும் விடும்; ஒன்றுகூடப் பிழைக்காது.

ஒரே தொட்டியில் சிவப்புச் செர்ரி இறாலையும் நீலச் செர்ரி இறாலையும் சேர்த்து வளர்க்காதீர்கள். இரண்டும் ஒரே இனம். கலந்தால் சில தலைமுறைகளில் காட்டு முன்னோரின் பழுப்பு நிறத்துக்கே திரும்பிவிடும்.

மலையில் வாழும் இறால்காரர்கள் மறக்கக் கூடாத ஒரு பொருள் தாமிரம். இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினில் தாமிரம் உண்டு. ஆனாலும் தண்ணீரில் அது சற்றே மிகுந்தால் செவுளைத் தாக்கிக் கொன்றுவிடும். கால்சியம் குறைந்த மென்னீரில் அந்த நச்சு இன்னும் கடுமையாக வேலை செய்கிறது. தேயிலையின் கொப்புள நோய்க்கு இங்கே தெளிக்கும் மருந்து காப்பர் ஆக்சிகுளோரைடு. தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையிலிருந்து தண்ணீர் எடுப்பவர்கள், தெளிப்பு நடக்கும் மழைக்காலத்தில் அதைத் தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம். செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரும் ஆகாது. தீனிக்குக் கீரையோ கேரட்டோ கொடுப்பதானால் மருந்தடிக்காத கொல்லையில் பறித்ததை வேகவைத்துக் கொடுங்கள். கரப்பான் மருந்து தெளிக்கும் அறையில் தொட்டியே கூடாது. பூச்சியைக் கொல்லும் பைரித்ராய்டு இறாலையும் கொல்லும். இரண்டும் கணுக்காலிகள்தானே.

பெருகிப்போன இறாலை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில் கண்டிப்பானது: ஓடையில் விடாதீர்கள். செர்ரி இறால் குளிரைத் தாங்கும். ஜப்பான், ஜெர்மனி, போலந்து, ஹவாய் என்று பல இடங்களில் தொட்டியிலிருந்து தப்பி இயற்கை நீரில் குடியேறிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் நமக்கே உரிய காரிடினா இறால் இனங்கள் இருக்கின்றன. அவற்றின் இரையையும் இடத்தையும் இது பறிக்கும். செவுளில் ஒட்டி வரும் ஒட்டுண்ணிகளையும் கொண்டுபோகும். வெளியிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரமும் தைலமரமும் நம் புல்வெளிகளை ஆக்கிரமித்ததைப் பார்த்த பிறகு, ஓடைகளுக்கு அதே கதி வர விடக் கூடாது. மிகுந்த இறாலை அக்கம்பக்கத்தில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுங்கள், கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். தொட்டித் தண்ணீரை மாற்றும்போது அதைச் சாக்கடையிலோ கால்வாயிலோ கொட்டாமல், வலையில் வடிகட்டிச் செடிக்கு ஊற்றுங்கள். நைட்ரேட் இருப்பதால் ரோஜாவுக்கு நல்லது. தப்பிவந்த குஞ்சு இருந்தால் வலையில் நின்றுவிடும்.