"நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்பது தாழ்மை ஆகாது

ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்த்தவர் அவர். கம்பெனியில் ஆள் குறைத்தபோது வேலை போனது. மாதக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, உடம்பெல்லாம் வலி. அவரை மனைவி என்னிடம் அழைத்து வந்தார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) "நான் பாவி டாக்டர். வீட்டுக்கும் உதவாதவன், ஆண்டவருக்கும் உதவாதவன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சபையில் இதை நல்ல மனந்திரும்புதல் என்று எடுத்துக்கொண்டு, உபவாசம் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே சாப்பிடாமல் எலும்பும் தோலுமாகிவிட்ட மனிதருக்கு உபவாசம்!

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து இதே கதையோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்த்தான் எழுதுகிறேன். நானும் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவன். விசுவாசத்தைக் குறை சொல்ல வரவில்லை.

மனந்திரும்புகிறவர் தான் செய்ததைச் சொல்வார். "தம்பி பங்கை ஏமாற்றி எழுதிக்கொண்டேன்" என்பார். அறிக்கையிட்டு, முடிந்ததைச் சரிசெய்ததும் நெஞ்சு லேசாகும். மனச்சோர்வு நோயில் இருப்பவருக்கு எத்தனை முறை அறிக்கையிட்டாலும் லேசாகாது. பள்ளிக்கூடத்தில் சொன்ன பொய்யைக்கூடத் தோண்டி எடுப்பார். என்ன தப்பு செய்தீர்கள் என்று கேட்டால், "நானே தப்பு" என்பார். தன்னை மதிப்பற்றவனாக நினைப்பதும், அளவுமீறிய குற்றவுணர்வும் இந்த நோயைக் கண்டறிய நாங்கள் பார்க்கும் அறிகுறிகள். ரோமர் 12:3 தன்னைக் குறித்து மிஞ்சி எண்ணாமல் தெளிவாக எண்ணச் சொல்கிறது. தன்னையே வெறுக்கச் சொல்லவில்லை. தாழ்மையுள்ளவர் தன்னை மறந்து அடுத்தவரைப் பார்ப்பார். இந்த நோயாளியால் ஒரு நிமிஷம்கூடத் தன்னை மறக்க முடிவதில்லை.

இன்னொன்று, சம்பாதிக்க முடியாத ஆண்கள்மேல் எறியப்படும் 1 தீமோத்தேயு 5:8. தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்ற வசனம். தயவுசெய்து அந்த அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள். விதவைகளை யார் பராமரிப்பது என்பதுதான் அங்கே பேச்சு. பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் இருக்கும்போது அந்தப் பாரத்தைச் சபைமேல் ஏற்றுகிறவர்களுக்குச் சொன்னது அது. கிரானைட் குவாரியிலும் பெங்களூரு கட்டட வேலையிலும் நாள்கூலி கேட்டு அலைந்து, கிடைக்காமல் திரும்புகிறவருக்குச் சொன்னதல்ல.

கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டார். 1 இராஜாக்கள் 19 அது. அவருக்கு அப்போது கிடைத்தவை தூக்கம், தழலில் சுட்ட அடை, தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. ஆண்டவர் கேள்வி கேட்பது அதற்குப் பிறகுதான். "நேச குமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்று யோர்தானில் வானத்திலிருந்து சத்தம் கேட்டது இயேசு பிரசங்கத்தைத் தொடங்குவதற்கு முன்பு. பிரியம் முதலில், வேலை அப்புறம். சம்பளச் சீட்டு இல்லாத ஆணுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். "சாமி மாறிப் போனியே, என்னத்தக் கண்ட?" என்று சொந்தக்காரர்கள் வேறு குத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஆண்கள் பெரும்பாலும் அழமாட்டார்கள். எரிந்து விழுவார்கள், குடிப்பார்கள், முதுகுவலி என்பார்கள். காணிக்கை போடக் கையில் காசில்லை என்று கடைசி வரிசைக்குப் போவார்கள், அப்புறம் வரவே மாட்டார்கள்.

பாஸ்டர்களே, "சாகணும்போல இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறது என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். சுகம் கிடைத்ததற்குச் சாட்சியாக மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்யவே 2 முதல் 4 வாரம் ஆகும்; நன்றாக இருக்கிறது என்று சட்டென நிறுத்தினால் நோய் திரும்பலாம். லித்தியம் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தால் மருந்து ரத்தத்தில் ஏறி விஷமாகலாம். இதை எத்தனை சபைகளில் போய்ச் சொல்வது?

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுக்குப் போகலாம். ராத்திரி நேரமானால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

அக்காமார்களே, அண்ணன்மார்களே, உங்கள் சபைக்கு வராமல் நின்றுபோனவர் வீட்டுக்கு இந்த வாரம் போங்கள். ஜெபம் பண்ணுங்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சொன்னபடி போங்கள்.