மரண வாசல் இப்போது எந்தத் திசையில்?

சீனர்களின் சிமென் துன்ஜியா சோதிடத்தில் எட்டு வாசல்கள் உண்டு: ஓய்வு, உயிர், காயம், அடைப்பு, காட்சி, மரணம், திகில், திறப்பு. ஓய்வு, உயிர், திறப்பு மூன்றும் சுபம். காயம், மரணம், திகில் அசுபம். மற்ற இரண்டும் நடுத்தரம். அசுபம் என்பதற்காக ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டார்கள். கடன் வசூலுக்குப் போகிறவருக்குக் காய வாசல்தான் உகந்தது; தலைமறைவாக இருக்க நினைப்பவருக்கு அடைப்பு வாசல்.

இவை நிற்குமிடம் லோ ஷு என்னும் ஒன்பது கட்ட மாயச் சதுரம். எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரும். வடக்கில் 1, தென்மேற்கில் 2, கிழக்கில் 3 என்று எண்கள் தாவித் தாவிப் போகும். நடுக்கட்டமான 5க்கு வாசல் இல்லை. ஓய்வு வாசலுக்குச் சொந்த வீடு வடக்கு. மற்றவை மேலே சொன்ன வரிசைப்படி வலமாக அமரும்.

ஆனால் வீட்டில் தங்குவதில்லை. பழைய சீனக் கணக்கில் நாளுக்கு 12 பொழுதுகள், ஒவ்வொன்றும் 2 மணி நேரம். எட்டில் ஒன்று தலைமை வாசல். பொழுது மாறும்போதெல்லாம் அது எண் வரிசையில் அடுத்த கட்டத்துக்குத் தாவும். மற்ற ஏழும் வரிசை குலையாமல் கூடவே சுழலும். சூரியன் வடக்கே திரும்பும் டிசம்பர் கதிர்த்திருப்பத்திலிருந்து எண்கள் ஏறுமுகம், ஜூனிலிருந்து இறங்குமுகம்.

டிசம்பர் கதிர்த்திருப்பத்துக்குரிய முதல் ஐந்து நாள் சுற்றைப் போட்டுப் பார்ப்போம். அது தொடங்கும் இரவு 11 மணிக்கு எல்லா வாசலும் சொந்த வீட்டில். தலைமை ஓய்வு வாசலுக்கு. 1 மணிக்கு அது 2ஆம் கட்டமான தென்மேற்குக்குப் போகிறது. அங்கிருந்த மரண வாசல் கிழக்குக்கு வந்துவிடுகிறது. 3 மணிக்கு ஓய்வு கிழக்கில், உயிர் தென்கிழக்கில், காட்சி மேற்கில், மரணம் வடமேற்கில். 1 மணிக்குக் கிழக்கே போகாதே என்று தடுத்த சோதிடர் 3 மணிக்குத் தாராளமாகப் போ என்பார். இப்படி 18 அமைப்புகள், ஒவ்வொன்றிலும் 60 பொழுதுகள்; ஆக 1080 சக்கரங்கள்.

‘மூன்று ராஜ்யங்கள்’ என்னும் பழைய சீன நாவலில் சாவ் ரென் என்ற தளபதி எட்டு வாசல் வியூகம் அமைக்கிறான். எதிரணித் தளபதி ஜாவ் யுன் 500 வீரர்களோடு தென்கிழக்கிலிருந்த உயிர் வாசலில் புகுந்து, மேற்கே காட்சி வாசல் வழியாக வெளியேறி அதைக் கலைக்கிறான். நாம் போட்ட 3 மணிச் சக்கரத்திலும் அவ்விரண்டு வாசல்களும் அதே திசைகளில்தான் நிற்கின்றன. நாவலாசிரியர் சக்கரத்தைச் சரியாகச் சுழற்றியிருக்கிறார். பலனில்தான் இடிக்கிறது: ஓய்வு வாசலில் நுழைந்தால் காயம் என்றும் காட்சி வாசல் சுபம் என்றும் எழுதிவைத்திருக்கிறார். வாசல்களின் வரிசையைக் கணக்கு கட்டிப்போட்டிருக்கிறது. பலனை அப்படிக் கட்டிப்போட எதுவும் இல்லை.