இமயம் தாண்டும் வாத்தும் 119ஆம் இடமும்

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது என்கிறார்கள். மலையேறுகிறவர்களே அங்கே ஆக்சிஜன் உருளையைச் சுமந்துகொண்டு போகிறார்கள். இந்த வாத்து எப்படி மூச்சு விடுகிறது? பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் இதுதான் என்று எங்கள் தாத்தா சொல்கிறார், உண்மையா?"

தாத்தாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாலில் கலந்த நீரைப் பிரிக்கும் பறவை உலகில் எங்கும் இல்லை. வரித்தலை வாத்தின் அலகு ஓரத்தில் ரம்பம் போன்ற பற்கள் உண்டு. அவை புல்லைக் கத்தரிப்பதற்கு. ஆனாலும் தாத்தா முழுக்கத் தவறான திசையில் போகவில்லை. குமரித் துறையில் அயிரை மீன் தின்றுவிட்டு வடமலைக்குத் திரும்பும் அன்னச் சேவலைக் கூப்பிட்டுப் பிசிராந்தையார் பேசும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. நம் வாத்து புல்லும் தானியமும் மேய்வது. ஆகவே அயிரை தின்ற அந்தப் பறவை இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குமரிக்கும் வடமலைக்கும் இடையே பறவைகள் ஆண்டுதோறும் போய்வருகின்றன என்பதை அந்தக் காலத்துத் தமிழர்கள் கவனித்திருக்கிறார்கள். பால்-நீர்க் கதையை விட இந்தக் கவனிப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி விடியலில் கூந்தன்குளத்துக் கரையில் நின்றிருந்தேன். அறுவடை முடிந்த வயலில் இருபது வாத்துகள் வரை மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைத் தலை, பின்புறம் கண்ணுக்குக் கண் இழுத்த மாதிரி ஒரு கறுப்புப் பட்டை, அதற்குக் கீழே பிடரியில் சிறியதாக இன்னொன்று. ஒன்று மட்டும் மேயாமல் கழுத்தை நிமிர்த்திக் காவல் நின்றது. மற்றவை நெல் தாளுக்கு நடுவே முளைத்த புல்லைக் கவ்வி, தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துப் பிய்த்தன. பிய்க்கும் சத்தம் என் காதில் விழுந்தது, அவ்வளவு அருகில். எடை இரண்டு, மூன்று கிலோ இருக்கும். வீட்டில் வளர்க்கும் வாத்து போலவே ஆடி ஆடி நடந்த அந்த உடம்பு இமயத்துக்கு அப்பாலிருந்து வந்தது என்று நம்புவதற்கு எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

இவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது மங்கோலியா, திபெத், சீனத்தின் சிங்ஹாய் ஏரி, நம் லடாக்கில் கடல் மட்டத்துக்கு 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் த்சோ மோரிரி போன்ற இடங்களில். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட பறவைகளைத் தென்னிந்தியக் குளங்களில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலேயே பறப்பதாக மலையேறுகிறவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது பதிவான அதிக உயரம் 7,290 மீட்டர். பெரும்பாலான நேரம் அதற்கு வெகு கீழே, பள்ளத்தாக்குகளை ஒட்டி, நிலம் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கிப் பறக்கின்றன. அதுவும் இரவிலும் விடியற்காலையிலும். அப்போது காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும். சிறகுக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும்.

உயரத்தில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை. எங்கும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 5,500 மீட்டரில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் தள்ளுவது அந்த அழுத்தம். நாம் அங்கே உட்கார்ந்திருந்தாலே மூச்சு வாங்கும். வாத்தோ சிறகடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பறவைகளுக்கு நம்மைவிட நல்ல நுரையீரல் என்பது பள்ளியில் படித்ததுதான்: காற்றுப்பைகளின் உதவியால் நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடுகிறது, பழைய காற்று புதியதோடு கலப்பதில்லை. இந்த வாத்தின் பறக்கும் தசைகளில் இரத்த நுண்குழாய்களும் நெருக்கமாக இருக்கின்றன. இவற்றை இத்துடன் விட்டுவிடுகிறேன், ஏனென்றால் என்னைக் கட்டிப்போட்ட விஷயம் இரத்தத்துக்குள் இருக்கிறது.

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்தது. ஆல்பா இரண்டு, பீட்டா இரண்டு. ஆல்பாச் சங்கிலி என்பது 141 அமினோ அமிலங்கள் மணி கோத்தது போல வரிசையாக நிற்பது. அதில் 119ஆம் மணி பெரும்பாலான பறவைகளிலும் பாலூட்டிகளிலும் புரோலின். உங்களுக்கும் எனக்கும் அதேதான். வரித்தலை வாத்துக்கு நெருங்கிய சொந்தமான, சமவெளியில் வாழும் சாம்பல் வாத்துக்கும் அதேதான். வரித்தலை வாத்தில் மட்டும் அங்கே அலனின் உட்கார்ந்திருக்கிறது.

புரோலின் வளையம் போட்ட அமினோ அமிலம், கொஞ்சம் பருமன். அலனின் சிறியது. அதனால் என்ன ஆகிவிடும்? ஹீமோகுளோபின் இரண்டு நிலைகளுக்கு இடையே மாறிக்கொண்டே இருக்கும் மூலக்கூறு. இறுகிய நிலையில் ஆக்சிஜனை ஏற்கத் தயங்கும். தளர்ந்த நிலையில் ஆவலாகப் பற்றிக்கொள்ளும். சங்கிலிகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள்தாம் அந்த இறுக்கத்தைத் தாங்குகின்றன. அவற்றில் ஒன்று, ஆல்பாவின் 119ஆம் மணி பீட்டாவின் 55ஆம் மணியைத் தொடும் இடம். தச்சர் கதவுச் சட்டத்தின் பொருத்தில் ஒரு நூல் அதிகமாகச் செதுக்கிவிட்டால் சட்டம் ஆட்டம் கொடுக்குமல்லவா? புரோலின் போய் அலனின் வந்ததும் அந்த இடத்தில் ஒரு நூல் இடைவெளி விழுகிறது. இறுக்கம் குறைகிறது. தளர்ந்த நிலைக்குப் போவது எளிதாகிறது. மெல்லிய காற்றிலும் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்கிறது. தசைக்குப் போனதும் அங்கிருக்கும் சூடும் அமிலமும் அதைக் கைவிட வைக்கின்றன.

இந்த விளக்கத்தை 1983இல் முன்வைத்தவர் ஹீமோகுளோபினின் வடிவத்தைக் கண்டறிந்த விஞ்ஞானி மேக்ஸ் பெரூட்ஸ். 1991இல் விஞ்ஞானிகள் அதைச் சோதித்தார்கள். பாக்டீரியாவைக் கொண்டு மனித ஹீமோகுளோபினைத் தயாரித்து, அதன் 119ஆம் இடத்தில் மட்டும் அலனினை வைத்தார்கள். மனித ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டது! வாத்தில் இன்னும் இரண்டொரு மாற்றங்கள் இதற்குத் துணை நிற்பதாகப் பின்னால் தெரியவந்தது. ஆனாலும் அந்தச் சோதனையை முதன்முறை படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதைவிட அழகான செய்தி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆண்டீஸ் மலையின் உயரத்தில் வேறொரு வாத்து வாழ்கிறது. அதன் 119ஆம் இடத்தில் புரோலின் அப்படியே இருக்கிறது. ஆனால் அதைத் தொடும் பீட்டாவின் 55ஆம் இடத்தில் லியூசின் போய், சிறிய செரின் வந்திருக்கிறது. அதே பொருத்து, அதே இடைவெளி; செதுக்கியது மட்டும் மறுபக்க மரத்தை. கடல் கடந்த இரண்டு மலைகளில், ஒன்றையொன்று அறியாத இரண்டு பறவைகளிடம் இயற்கைத் தேர்வு ஒரே பொருத்தைத் தளர்த்தியிருக்கிறது.

பெரூட்ஸ் ஹீமோகுளோபினின் வடிவத்தைத் தேடத் தொடங்கியது 1937இல். முதல் உருவம் தெளிந்தது 1959இல். இருபத்திரண்டு ஆண்டுகள்! 1962இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த உருவம் கையில் இல்லாமல் வாத்தின் இரகசியத்தை யாராலும் படித்திருக்க முடியாது. நம் பல்கலைக்கழகங்களில் மூன்று ஆண்டுக்கு நிதி கொடுத்துவிட்டு, இரண்டாம் ஆண்டிலேயே "இதனால் என்ன பயன்?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களின் கையில் பெரூட்ஸ் அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு ஆய்வையும் சொல்லியாக வேண்டும். ஜெசிகா மெய்ர் என்ற உயிரியலாளர் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளைத் தானே வளர்த்தார். அவை அவரையே தாயாக எண்ணிப் பின்னால் ஓடின. வளர்ந்ததும் அவற்றுக்கு முகமூடி மாட்டி, காற்றுச் சுரங்கத்தில் பறக்கவைத்து, ஆக்சிஜனை 7 சதவீதமாகக் குறைத்தார்கள். எவரெஸ்ட் உச்சியின் குறைந்த அழுத்தத்தில் கிடைக்கும் ஆக்சிஜனுக்கு அது ஏறக்குறைய சமம். அதிலும் சில பறந்தன! இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் அப்போது குளிர்ந்ததையும் அளந்தார்கள். குளிர்ந்த இரத்தம் ஆக்சிஜனை இன்னும் இறுகப் பிடிக்கும். அந்த ஆய்வு வெளிவந்த 2019ஆம் ஆண்டிலேயே மெய்ர் விண்வெளிக்குப் போனார்.

மாணவிக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவையும் கூட்டிக்கொண்டு ஜனவரியில் குளக்கரைக்குப் போங்கள். மணிமுத்தாற்றுத் தண்ணீர் குளத்துக்கு வந்துவிட்டதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாத ஆண்டில் வாத்துகள் வேறு குளம் பார்த்துப் போய்விடும். பகலில் அவை தண்ணீரில் ஓய்வெடுக்கும். பொழுது சாய்ந்ததும் கூட்டமாகக் கத்திக்கொண்டு வயல்களை நோக்கிக் கிளம்பும். கரையில் அசையாமல் நின்றால் தலைக்கு மேலேயே தாழ்வாகப் போகும். சிறகு காற்றை வெட்டும் ஓசை கேட்கும்.