நுகர்வோர் வழக்கு: கட்டணம் பயப்படும்படி இல்லை, கெடுவைத்தான் கவனிக்க வேண்டும்

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகத் தயங்குகிறவர்கள் பெரும்பாலும் செலவை நினைத்தே தயங்குகிறார்கள். உண்மையில், 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ வழக்குக் கட்டணம் ஒரு பைசா கூடக் கிடையாது. செல்போன், ஃபிரிட்ஜ், விமான டிக்கெட், கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ், டூவீலர் என்று சாதாரணக் குடும்பத்தில் வரும் தகராறுகளில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். கட்டணம் கட்ட முடியாமல் தோற்றவர்களை விட, நாளைத் தவறவிட்டுத் தோற்றவர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள்.

முதலில் கட்டணத்தை முடித்துவிடலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் வந்த விதிகளின்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. அதற்கு மேல் 1 கோடி வரை 2,000, 2 கோடி வரை 2,500 என்று படிப்படியாக ஏறி, 10 கோடியைத் தாண்டினால் 7,500 ரூபாயோடு நின்றுவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், தமிழ்நாட்டில் பணம் கேட்டு சிவில் வழக்குப் போட்டால் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 4 லட்சம் கேட்டால் 12,000 ரூபாய். அதே தொகை தொடர்பான நுகர்வோர் வழக்கில் பூஜ்யம்.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. இந்தத் தொகையெல்லாம் நீங்கள் கேட்கும் நஷ்டஈடு அல்ல, பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த விலை. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் விலையையும் நஷ்டஈட்டையும் கூட்டிப் பார்த்தார்கள். இப்போது விலை மட்டும்தான். 18,000 ரூபாய் போனுக்கு 6 லட்சம் இழப்பீடு கேட்டாலும் கட்டணம் இல்லை. எந்த ஆணையத்துக்கு (கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் இதுதான்) போவது என்பதற்கும் இதே கணக்குதான்: 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். சட்டத்தில் மாவட்ட ஆணையத்துக்கு 1 கோடி என்று இருந்ததை 2021 டிசம்பர் விதிகள் 50 லட்சமாகக் குறைத்தன. 50 லட்சத்துக்கு மேல் விலை கொடுத்தவர் சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு மாவட்ட ஆணையத்துக்குப் போனால் மனு திரும்பிவிடும்.

விலையை மட்டும் பார்ப்பது நியாயமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. கார் தீப்பிடித்துக் கணவரை இழந்த ஒரு பெண் 50 கோடிக்கு மேல் இழப்பீடு கேட்டார். காரின் விலை 50 லட்சத்துக்குக் கீழ் என்பதால் அவருடைய வழக்கு மாவட்ட ஆணையத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. விலையை மட்டும் பார்க்கும் இந்த ஏற்பாடு சட்டப்படி செல்லும் என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. எனக்கென்னவோ, சாதாரணமாக வாங்கி விற்கும் பொருட்களுக்கு இது நல்லதாகவே படுகிறது. செலவு குறைகிறது, சொந்த மாவட்டத்திலேயே வேலை முடிகிறது. உயிரிழப்பு போன்ற வழக்குகளில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

சொந்த மாவட்டம் என்றதும் இன்னொன்று. கம்பெனியின் தலைமை அலுவலகம் குருகிராமில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள ஆணையத்தில் மனு போடலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதையும் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அனுப்புவது வழக்கம், அவ்வளவுதான். இ-ஜாக்ரிதி என்ற இணையதளம் 2025 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. மனு, ஆவணம், கட்டணம் எல்லாவற்றையும் அதிலேயே செலுத்திவிடலாம்.

இனி கெடு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள், சட்டத்தின் 69-ஆவது பிரிவு. பில் தேதியிலிருந்து அல்ல, பிரச்சினை வெடித்த தேதியிலிருந்து. வாரண்டி காலத்தில் மோட்டார் பழுதாகி, மாற்றித் தர மாட்டோம் என்று கடைக்காரர் கைவிரித்தால், கணக்கு அந்தக் கட்டத்தில்தான் தொடங்கும். எந்த நாள் என்று சந்தேகம் இருந்தால் இருப்பதிலேயே முந்திய தேதியை வைத்துக் கணக்குப் போடுங்கள். அதுதான் பத்திரம்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான். கஸ்டமர் கேருக்கு மெயில் போடுவார்கள், பதில் வரும். "உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்பார்கள். மறுபடி மெயில், மறுபடி நினைவூட்டல், ஒரு வக்கீல் நோட்டீஸ். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிவிடும். கடிதம் எழுதிக்கொண்டே இருந்தால் காலக்கெடு நீண்டுகொண்டே போகும் என்று நினைப்பது தவறு. ஒருமுறை ஓடத் தொடங்கிய கெடுவை நோட்டீஸ் நிறுத்தாது.

இதற்கு ஒரு பழைய வழக்கு நல்ல உதாரணம். ஆந்திராவில் ஒரு புகையிலை வியாபார நிறுவனத்தின் கிடங்கு 1988 மார்ச்சில் தீப்பிடித்தது. அவர்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் கிளெய்ம் படிவம் கேட்டது 1992-ல். அப்புறம் கடிதப் போக்குவரத்து நடந்து, வழக்குப் போட்டது 1997-ல். கெடு முடிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சொல்லிவிட்டது. 1996-ல் வந்த நிராகரிப்புக் கடிதத்திலிருந்து எண்ண வேண்டும் என்ற வாதம் எடுபடவில்லை. அதே ஆண்டில் வந்த வேறொரு தீர்ப்பு இன்னும் கடுமையானது: எதிர்த்தரப்பு வாய் திறக்காவிட்டால்கூட, கெடுவுக்குள் மனு வந்திருக்கிறதா என்று ஆணையமே பார்த்தாக வேண்டும்.

மருத்துவ வழக்குகளில் தவறு நடந்த நாளும் அது தெரியவந்த நாளும் வேறாக இருக்கலாம். வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்துவிட்டால் நோயாளிக்கு அன்றே எப்படித் தெரியும்? தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 1993-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு செவிலியருக்குத் தொடர்ந்து வலி இருந்தது. 2002-ல் இன்னொரு அறுவை சிகிச்சையில் துணி கண்டெடுக்கப்பட்டது. அவர் 2004-ல் வழக்குப் போட்டார். இத்தனை ஆண்டு வலியோடு இருந்தும், மருத்துவத் துறையிலேயே இருந்தும், பரிசோதிக்காமல் விட்டது ஏன் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் 2010-ல் மறுத்துவிட்டது. கடுமையான தீர்ப்புதான்.

ஃபிளாட் வாங்கியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நிம்மதி. பணம் வாங்கிக்கொண்டு பில்டர் சாவியைத் தராத வரை தவறு ஒவ்வொரு நாளும் தொடர்கிறது என்று கருதப்படும். அதனால் 2 ஆண்டுக் கெடு அங்கே முடிந்துபோவதில்லை. சாவி கைக்கு வந்த பிறகு இந்தச் சலுகையை நம்பி உட்காரக் கூடாது.

நாள் தவறிவிட்டால் எல்லாம் போச்சு என்றும் இல்லை. தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு போடலாம். போதுமான காரணம் இருந்தால் ஆணையம் அதை எழுத்தில் பதிவுசெய்து ஏற்கும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி மாதிரி கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். "கம்பெனி பேசிக்கொண்டிருந்தது" என்பது பலவீனமான காரணம்.

மனு போட்ட பிறகு கெடுக்கள் மற்றவர்கள் பக்கம் போகின்றன. 21 நாளுக்குள் ஏற்பது பற்றி ஆணையம் முடிவெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். நோட்டீஸ் பெற்ற எதிர்த்தரப்பு 30 நாளில் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள். மொத்தம் 45. அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் தீர்த்துவைத்தது. நோட்டீஸோடு புகார் மனுவின் நகலும் கிடைத்த நாளிலிருந்து இந்த 45 நாள் ஓடும். ஆகவே தபால் ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். பெரிய கம்பெனிகளும் இந்த இடத்தில் கோட்டை விடுவதுண்டு.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதத்தில், பொருளை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதத்தில், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தாவாக இழுப்பதுதான் நாம் பார்ப்பது. ஆறு மாதத்தில் பணம் வந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பு பிடிக்காதவர் உத்தரவு தேதியிலிருந்து 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். தமிழ்நாட்டில் அது சென்னையில் இருக்கிறது, மதுரையில் ஒரு கிளையும் உண்டு. பழைய சட்டத்தில் 30 நாள்தான். மாநில ஆணையத்திலிருந்து மேலே போக இன்றும் 30 நாளே. பணம் கட்டும்படி உத்தரவிடப்பட்டவர் மேல்முறையீடு செய்தால், அந்தத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். கட்டாமல் மேல்முறையீட்டை விசாரணைக்கே எடுக்க மாட்டார்கள். உங்களுக்குச் சாதகமான உத்தரவை எதிர்த்துக் கம்பெனி அப்பீல் போயிருப்பதாகச் சொன்னால், டெபாசிட் கட்டியாகிவிட்டதா, ஸ்டே (உத்தரவை நிறுத்திவைக்கும் இடைக்காலத் தடை) வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் நிறைவேற்ற மனு போட எந்தத் தடையும் இல்லை. உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வழக்குக்கு முன்னால் ஒரு முயற்சி செய்து பார்க்க விரும்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிவுசெய்த புகாரும் 2 ஆண்டுக் கெடுவை நிறுத்தாது.